அடையாறிலிருந்து அகமத்நகர் வரை: குற்றமில்லாத கைதிகளும் ராணுவ முகாமும்

ராணுவச் சிறைன்னா உள்ளே எப்படி இருக்கும், யாரை யாரோட தங்க வைப்பாங்கன்னு ஒரு நேயர் கேட்டிருந்தார். பதிலைத் தேடி எங்கேயோ போகப்போகிறோம் என்று நினைத்தேன். கடைசியில் நம்ம அடையாறு பாலத்திலேயே வந்து நின்றது.

பாலம் தாண்டி பெசன்ட் நகர் பக்கம் வரும்போது இடது கைப்பக்கம் தியசாபிகல் சொசைட்டி வாசல் இருக்கிறதல்லவா? ஆலமரம் பார்க்க ஸ்கூலில் கூட்டிப்போன இடம். 1939 நவம்பரில் அந்த வளாகத்துக்குள் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பாடம் எடுத்தவர் மரியா மாண்டிசோரி. ஆமாம், தெருவுக்கு ரெண்டு மாண்டிசோரி ஸ்கூல் இருக்கே, அந்தப் பேருக்குச் சொந்தக்காரர். 300 பேருக்கு மேல் அந்த முதல் பயிற்சியில் சேர்ந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேசுவார்; பக்கத்தில் நின்று மகன் மரியோ ஆங்கிலத்தில் சொல்வார்.

1940 ஜூன் 10. இத்தாலி, ஜெர்மனியோடு சேர்ந்து பிரிட்டன் மீது போர் அறிவித்தது. அன்றிலிருந்து பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர் எல்லாரும் 'எதிரி நாட்டவர்'. 42 வயது மரியோவை அகமத்நகர் தடுப்புக்காவல் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். எழுபதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மாவுக்கு, வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்று கட்டுப்பாடு.

இதில் ஒரு வேடிக்கை. முசோலினி அரசோடு உறவு முறிந்து 1934-லேயே இத்தாலியை விட்டு வெளியேறியவர் மாண்டிசோரி. முசோலினியின் ஆள் என்று அவரைச் சந்தேகப்பட யாருக்கும் காரணம் கிடையாது. ஆனால் பாஸ்போர்ட்டில் இத்தாலி என்று இருந்தது. அது போதும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, 'ராணுவச் சிறை' என்ற ஒரே வார்த்தைக்குள் இருக்கிற மூன்று விஷயங்களைப் பிரித்துக்கொள்வோம். இல்லாட்டி பின்னாடி குழம்பும்.

ஒன்று, ராணுவம் தன்னுடைய சிப்பாயையே அடைத்து வைக்கும் சிறை. இங்கிலாந்தில் ஆல்டர்ஷாட்டில் அப்படி ஒன்று இருந்தது. கண்ணாடிக் கூரை போட்டிருந்ததால் அதற்கு 'கிளாஸ் ஹவுஸ்' என்று பேர். அப்புறம் எல்லா ராணுவச் சிறைக்கும் சிப்பாய்கள் அந்தப் பேரையே வைத்துவிட்டார்கள். நம்ம ஊர் ராணுவத்தில் ஒவ்வொரு படைப்பிரிவிலும் 'குவார்ட்டர் கார்டு' உண்டு. காவல் நிற்கிற இடம், ஆயுதம் வைக்கிற இடம், கூடவே சிப்பாயைப் பூட்டி வைக்கிற அறை. 1950-ஆம் வருட ராணுவச் சட்டப்படி, சின்னத் தப்புக்குக் கமாண்டிங் ஆபீசரே ஒரு சிப்பாயை 28 நாள் வரை ராணுவக் காவலில் வைக்கலாம். ராணுவ நீதிமன்றம் பெரிய தண்டனை கொடுத்தால், அதைச் சாதாரண சிவில் சிறையில் கழிக்கும்படியும் உத்தரவிடலாம்.

இரண்டாவது, போர்க்களத்தில் பிடிபட்ட எதிரி வீரர்கள். போர்க்கைதிகள். மூன்றாவதுதான் மரியோ போனது: எந்தப் போரிலும் சண்டை போடாத, எந்தக் குற்றமும் செய்யாத, ஆனால் தப்பான நாட்டின் பாஸ்போர்ட் வைத்திருந்த சாதாரண ஜனங்கள். வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. அதனால் விடுதலைத் தேதியும் இல்லை. ஆயுள் கைதிக்குக்கூட ஒரு கணக்கு உண்டு பாருங்க. இவங்களுக்கு 'போர் முடியட்டும்' என்பதுதான் கணக்கு.

அகமத்நகர் மகாராஷ்டிராவில், புனேவுக்கு வடகிழக்கே இருக்கிறது. இப்போ பேரை அகில்யாநகர் என்று மாற்றிவிட்டார்கள். நேருவும் படேலும் ஆசாதும் 1942-இலிருந்து அடைபட்டிருந்த கோட்டை அங்கேதான். ஆனால் நாம் பேசும் முகாம் வேறு. அந்த ஊர் பெரிய கன்டோன்மென்ட். எப்போதெல்லாம் பிரிட்டனுக்கு ஆள்களை அடைக்க இடம் வேண்டியிருந்ததோ அப்போதெல்லாம் ஞாபகத்துக்கு வந்த ஊர் அது. தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்தபோது பிடிபட்ட போயர்களைக் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அனுப்பினார்கள். அப்போது அகமத்நகரில் ஒரு முகாம். நம்ம பக்கம் திருச்சியிலும் நீலகிரி கேத்தியிலும்கூட இருந்தது. முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்த ஜெர்மானியர்களை அகமத்நகரில் வைத்தார்கள். 1939 செப்டம்பரில் மறுபடியும் அதே ஊர்.

ஏன் கன்டோன்மென்ட்? ஏன்னா அங்கே பாரக்ஸ் தயாராக இருக்கும். படை போருக்குப் போய்விட்டால் கட்டடம் காலி. சுற்றிலும் முள்கம்பி போட்டால் முகாம் ரெடி.

அந்த பாரக்ஸ் எப்படிப்பட்டது என்பதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1857-க்குப் பிறகு இந்தியாவில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் எண்ணிக்கையை நிறைய கூட்டினார்கள். அவர்களில் சண்டையில் செத்தவர்களைவிடக் காலரா, காய்ச்சல், வயிற்றுப்போக்கில் செத்தவர்கள் அதிகம். இதை ஆராய ஒரு ராயல் கமிஷன் போட்டு, அதன் அறிக்கை 1863-இல் வந்தது. அதற்குப் பின்னால் கணக்குப் போட்டு முட்டி மோதியவர் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். ஒரு ஆளுக்கு இவ்வளவு சதுர அடி தரை, இவ்வளவு கன அடி காற்று என்று அளவு வைத்துக் கட்ட ஆரம்பித்தார்கள். உயரமான கூரை, நீளமான ஹால், பக்கவாட்டில் வராண்டா, மேலே காற்றுப் போக ஜன்னல். நம்ம ஊர் பழைய கன்டோன்மென்ட் கட்டடங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த உருவம் உடனே கண்ணுக்கு வரும்.

அதே காலத்தில் இந்தியச் சிப்பாய்க்கு என்ன? 'ஹட்டிங்' பணம் என்று கொஞ்சம் தொகை கொடுத்து, குடிசையை நீயே கட்டிக்கோ என்று விட்டார்கள். மண் சுவர், கீற்றுக் கூரை. அதனால்தான் 'பாரக்ஸ்' என்பது வெள்ளைக்காரனுக்கும் 'லைன்ஸ்' என்பது நம்மாளுக்கும் என்று இரண்டு வார்த்தை இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கைதியை எப்படித் தங்க வைக்கணும் என்ற சர்வதேச விதியே இந்த அளவுகோலில்தான் நிற்கிறது.

1929 ஜெனீவா உடன்படிக்கையில் போர்க்கைதிகளின் தங்குமிடம் பற்றி ஒரு பிரிவு உண்டு. ஈரம் இல்லாத கட்டடமாக இருக்கணும், வெளிச்சம் இருக்கணும், குளிருக்குக் கதகதப்பு இருக்கணும். படுக்கும் இடத்தின் மொத்தப் பரப்பு, குறைந்தபட்சக் காற்றின் கன அளவு, படுக்கை, சாமான் எல்லாமே, பிடித்து வைத்திருக்கிற நாடு தன் சொந்தப் படை முகாமில் தன் வீரர்களுக்கு என்ன கொடுக்கிறதோ அதேதான். சாப்பாட்டுக்கும் அதே அளவுதான். நல்ல விதி. 'மனிதாபிமானத்தோடு நடத்து' என்று மொட்டையாகச் சொன்னால் ஆளுக்கொரு அர்த்தம் சொல்வான். 'உன் ஆளுக்குக் கொடுக்கிற கட்டிலை இவனுக்கும் கொடு' என்றால் அளந்து பார்க்கலாம்.

ஆனால் அந்த விதி சீருடை போட்ட போர்க்கைதிக்குத்தான். மரியோ மாதிரி சிவிலியனுக்கு 1929-இல் தனி உடன்படிக்கையே கிடையாது. போர் தொடங்கியதும் செஞ்சிலுவைச் சங்கம் தலையிட்டு, போர்க்கைதிக்கான விதியையே இவர்களுக்கும் பொருத்துங்க என்று கேட்டுச் சம்மதம் வாங்கியது. அதாவது ஒரு பாடகர், ஒரு பாதிரியார், ஒரு டாக்டர், ஒரு கம்பெனி மேனேஜர், இவர்களெல்லாம் சிப்பாய்க்கான சட்டத்தின் நிழலில் ஒதுங்கி நின்றார்கள்.

சரி, கூரையும் கட்டிலும் ஓரளவு ஒழுங்காக இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம் என்ன பிரச்சினை? பக்கத்துக் கட்டில்.

1939 செப்டம்பரில் ஜெர்மானியர்களைப் பிடித்தபோது பாஸ்போர்ட்டை மட்டும்தான் பார்த்தார்கள். இந்தியாவிலிருந்த ஜெர்மன் கம்பெனிகளில் நாஜிக் கட்சி உறுப்பினர்கள் இருந்தார்கள். ஹிட்லரிடமிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்த யூத டாக்டர்களும் இருந்தார்கள். ரெண்டு பேர் கையிலும் ஜெர்மன் பாஸ்போர்ட். ரெண்டு பேரும் ஒரே முகாமுக்குள். யோசிச்சுப் பாருங்க: எவனுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிவந்தாயோ அவனோடு ஒரே சாப்பாட்டு வரிசையில் தட்டை ஏந்தி நிற்கணும்.

அரசுக்கே இது உறுத்தியது. மால்கம் டார்லிங் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி தலைமையில் ஒரு குழு, கைதிகளை ஒவ்வொருவராக விசாரித்து, ஆபத்தில்லாதவர்களைப் பிரித்து, பலரை வெளியே விடச் செய்தது. குடும்பத்தோடு இருப்பவர்களுக்கு சதாராவிலும் புரந்தர் மலைக்கோட்டையிலும் கொஞ்சம் தளர்வான 'பரோல்' முகாம்கள் வந்தன.

மிச்சமிருந்தவர்களை அகமத்நகரிலிருந்து தேவ்லாலி, அங்கிருந்து டேராடூன் பக்கத்தில் பிரேம்நகர் என்று நகர்த்தினார்கள். பிரேம்நகர் முகாமின் அமைப்பைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏன்னா அங்கேதான் இந்தப் 'பக்கத்துக் கட்டில்' பிரச்சினைக்குக் கட்டட ரீதியாக ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். முகாமை ஏழு 'விங்'காகப் பிரித்தார்கள். ஒவ்வொரு விங்கையும் சுற்றி இரட்டை முள்கம்பி வேலி. எல்லாவற்றையும் சேர்த்து வெளியே இன்னும் இரண்டு வரிசை வேலி, அந்த இரண்டுக்கும் நடுவில் காவல் ரோந்து. நாஜி ஆதரவாளர்கள் ஒரு பக்கம், நாஜி எதிர்ப்பாளர்கள் இன்னொரு பக்கம், இத்தாலியர்கள் வேறு பக்கம். வெளி வேலி, கைதி ஓடாமல் இருக்க. உள் வேலி, கைதியைக் கைதியிடமிருந்து காப்பாற்ற.

அந்த நாஜி எதிர்ப்பு விங்கில் இருந்தவர்களைப் பாருங்க. சீக்முண்ட் ஃபேனிகர் என்று ஒரு ஜெர்மன் யூதர். 1930-களின் நடுவில் இலங்கைக்கு வந்து பௌத்த பிக்குவாகி, ஞானபொனிக்க தேரர் என்று பேர் பெற்றவர். போர் வந்ததும் காவி உடையோடு அவரையும் பிடித்து, பண்டாரவளைக்குப் பக்கத்தில் தியத்தலாவ முகாமில் வைத்தார்கள். அதுவும் பழைய முகாம்தான். 1900-இல் சுமார் 5,000 போயர் கைதிகளுக்காகத் தகரக் கொட்டகை போட்டு ஆரம்பித்த இடம். மலையகத் தமிழர்கள் அந்தப் பேரைச் சொன்னதும் ராணுவ முகாம் என்றுதான் நினைப்பார்கள், இன்றைக்கும் அது அப்படித்தான். 1942-இல் ஜப்பான் நெருங்கி வர, இலங்கைக் கைதிகளை டேராடூனுக்கு மாற்றினார்கள். அங்கே அவரும் ஜெர்மனியில் பிறந்த லாமா கோவிந்தாவும் ஒரே விங். கோவிந்தா பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியிருந்தும் உள்ளே போனவர்! ரெண்டு பேரும் நண்பர்களானார்கள். ஞானபொனிக்கர் அங்கே உட்கார்ந்து பாலியிலிருந்து சுத்த நிபாதத்தை ஜெர்மனில் மொழிபெயர்த்தார். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது ஒரு மனிதரின் நான்கு வருடத்தை எப்படி மாற்றுகிறது பாருங்க. நாஜி விங்கில் போட்டிருந்தால் அந்த மொழிபெயர்ப்பு நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

'செவன் இயர்ஸ் இன் திபெத்' படம் பார்த்தவர்களுக்கு இந்த முகாம் தெரிந்திருக்கும். ஹைன்ரிக் ஹாரர் தப்பியது இங்கிருந்துதான். (அவர் எஸ்.எஸ். உறுப்பினராக இருந்தவர் என்பது படம் வந்த சமயத்தில்தான் பெரிதாக வெளியே பேசப்பட்டது.) 1944 ஏப்ரல் 29 அன்று ஏழு பேர் தப்பினார்கள். சுரங்கம் தோண்டவில்லை, சுவர் ஏறவில்லை. இரண்டு பேர் பிரிட்டிஷ் அதிகாரி வேஷம், மிச்சம் ஐந்து பேர் முகத்தில் கறுப்புப் பூசி இந்தியக் கூலியாள் வேஷம். ஏணியும் கம்பிச் சுருளும் தூக்கிக்கொண்டு, வேலி ரிப்பேர் செய்யும் குழு மாதிரி கேட் வழியாகவே நடந்து போனார்கள். இவ்வளவு வேலி இருக்கிற இடத்தில் யாராவது எப்பவும் வேலியைச் சரி செய்துகொண்டே இருப்பார்கள் அல்லவா? அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இன்னொன்று: துரை முன்னால் போக, பின்னால் கூலி சுமந்து போனால் இந்தியாவில் யாரும் கூலியின் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அதைத் தெரிந்துதான் திட்டம் போட்டிருக்கிறார்கள்.

எல்லாக் கைதிக்கும் இந்த பாரக்ஸும் விங்கும் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த, மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியக் குடும்பங்களைப் பிடித்து 1942-இல் டெல்லி புராண கிலாவில் வைத்தார்கள். கோட்டைக்குள் கூடாரம். டெல்லிக் குளிருக்கும் டெல்லி வெயிலுக்கும் கூடாரம்! நிறைய பேர் செத்துப் போனார்கள். அப்புறம்தான் ராஜஸ்தானில் தேவ்லி என்ற இடத்துக்கு மாற்றினார்கள். அங்கே போர் முடிந்த பிறகும் விட்டபாடில்லை. ஜப்பான் தோற்றதை நம்பியவர்கள் ஒரு கட்சி, ஜெயித்துவிட்டது என்று நம்பியவர்கள் இன்னொரு கட்சி. ரெண்டும் ஒரே வேலிக்குள். 1946-இல் அந்தச் சண்டை முற்றி, காவல் படை சுட்டு, உயிர்கள் போயின.

இப்போ மறுபடியும் அடையாறு.

சொசைட்டியின் தலைவர் அப்போது ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவியின் கணவர். மாண்டிசோரியை அழைத்து வந்தவரே அவர்தான். அவருக்குத் தடுப்புக்காவல் புதுசு இல்லை. 1917 ஜூனில் ஹோம் ரூல் இயக்கத்துக்காக அன்னி பெசன்ட்டையும் வாடியாவையும் அவரையும் சென்னை அரசு பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்து ஊட்டியில் வைத்தது. மூன்று பேரும் ஒரே வீட்டில். பெசன்ட் அம்மையார் அந்த வீட்டுத் தோட்டத்தில் ஹோம் ரூல் கொடியையே ஏற்றினார். செப்டம்பரில் விட்டுவிட்டார்கள். ஆக, யாரோடு அடைபட்டிருக்கிறோம் என்பது என்ன வித்தியாசம் செய்யும் என்று அருண்டேலுக்குத் தெரியும்.

மாண்டிசோரிக்கோ அந்தத் துணைதான் இல்லாமல் போனது. ஆலமரமும் கடற்காற்றும் இருந்தது, ரொம்ப மரியாதையான சிறை. ஆனால் மகன் அங்கே, அவர் இங்கே. வகுப்பில் அவர் வாயாக இருந்தவரும் அந்த மகன்தான். இதில் வெளியே சொல்லப்படாத ஒரு விஷயமும் இருந்தது. மரியோ 1898-இல், கல்யாணம் ஆகாமல் அவருக்குப் பிறந்த பிள்ளை. அந்தக் காலத்து ரோமில் அது வெளியே தெரிந்தால் டாக்டர் வேலையே போயிருக்கும். குழந்தையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்தார். பெரியவனாகிக் கூடவே வந்துவிட்ட பிறகும் வருஷக்கணக்காக ஊருக்கு 'என் சகோதரன் மகன்', 'வளர்ப்பு மகன்' என்றுதான் அறிமுகம்.

1940 ஆகஸ்ட் 31, அவருக்கு எழுபதாவது பிறந்தநாள். வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. உங்கள் பிறந்தநாளுக்கு என்ன கொடுக்கலாம் என்று யோசித்தோம், உங்கள் மகனைத் திருப்பிக் கொடுப்பதுதான் சரி என்று பட்டது, என்கிற அர்த்தத்தில். மரியோ அடையாறு திரும்பினார். 'மகன்' என்ற வார்த்தை அரசாங்கக் காகிதத்தில் அப்படி வந்து விழுந்தது. 42 வருஷம் அம்மாவால் ஊரறியச் சொல்ல முடியாததை, அவனைப் பிடித்து வைத்த அரசாங்கம் சொன்னது. வெளியே விட்டார்களே தவிர, போர் முடியும்வரை ரெண்டு பேரும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. கொடைக்கானலில் ரெண்டு வருஷம் இருந்தார்கள், 1946-இல்தான் ஐரோப்பாவுக்குத் திரும்பினார்கள். அதற்குள் ஆயிரத்துக்கும் மேல் ஆசிரியர்கள் அவர்களிடம் பயிற்சி முடித்திருந்தார்கள்.

போருக்குப் பிறகு 1949-இல் நான்காவது ஜெனீவா உடன்படிக்கை வந்தது. முதன்முறையாகச் சிவிலியனுக்கென்றே விதிகள். தடுப்புக்காவலில் உள்ளவர்களைப் போர்க்கைதிகளோடும் குற்றத்துக்காக அடைபட்டவர்களோடும் சேர்த்து வைக்கக் கூடாது. நாடு, மொழி, பழக்கவழக்கம் பார்த்து இடம் கொடுக்கணும். ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவர்களை, குறிப்பாகப் பெற்றோரையும் பிள்ளைகளையும், ஒரே முகாமில் வைக்கணும். கூடாரத்தையும் பக்கத்துக் கட்டிலையும் பார்த்தவர்கள் எழுதிய விதி என்பது படிக்கும்போதே தெரியும். இந்தியா 1950-இல் இதை ஏற்றுக்கொண்டது.

1962 நவம்பர். சீனாவோடு போர். அசாமிலும் ஷில்லாங்கிலும் டார்ஜிலிங்கிலும் தலைமுறையாக வாழ்ந்த, இங்கேயே பிறந்த சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரைப் பிடித்தது நம்ம சுதந்திர இந்தியா. செருப்புக் கடைக்காரர், தச்சர், ஸ்கூல் போகிற பசங்க. இந்தத் தடவையும் வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை. ரயிலில் ஏற்றி நாள்கணக்கில் பயணம் செய்து கொண்டுபோய் இறக்கிய இடம் தேவ்லி. ஜப்பானியக் குடும்பங்கள் இருந்த அதே முகாம். குடும்பங்களை அங்கே சேர்ந்திருக்க விட்டார்கள். ஆனால் போர் ஒரு மாதத்தில் முடிந்தும், கடைசியாக இருந்தவர்கள் வெளியே வர 1967 ஆயிற்று.

அடுத்த எபிசோடில் திருச்சியிலும் கேத்தியிலும் இருந்த போயர்களைப் பற்றிப் பேசலாம். உங்க ஊர்ப்பக்கம் அந்த இடங்களைப் பற்றிப் பெரியவங்க சொன்ன கதை இருந்தா எழுதி அனுப்புங்க.